விலை சொல்லத் தெரிந்த கை

வீட்டைக் கவனித்துக்கொண்டிருக்கும் பெண்களுக்குக் கைத்தொழில் கற்றுத்தரும் வகுப்புகள் கொங்குப் பக்கம் இப்போது எந்த ஊரிலும் இருக்கின்றன. தையல், ஆரி எம்பிராய்டரி, சேலைக் குஞ்சம், ஒயர் கூடை, கால்மிதி என்று பஸ் ஸ்டாப் சுவர் முழுக்க நோட்டீஸ். ஆனால் வகுப்பு முடிந்து ஒரு வருடம் கழித்து, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் அந்தத் தொழிலில் மாதாமாதம் காசு பார்க்கிறார்கள் என்று கேட்டால், நடத்துகிறவர்களிடமிருந்து தெளிவான பதில் வருவதில்லை. நான் சென்னிமலைப் பக்கம் பல வருடங்களாக ஒரு சின்ன வகுப்பு நடத்துகிறேன். அதற்கு முன்னால் திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்தேன். இரண்டு இடத்திலும் பார்த்ததை வைத்து எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். நம் வகுப்புகள் கையைப் பழக்குகின்றன, விலை சொல்லப் பழக்குவதில்லை. தன் ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை என்று தெரியாத பெண்ணுக்கு எவ்வளவு நுணுக்கமான தையல் தெரிந்தாலும், அந்தத் தையலின் லாபம் வேறு யாருக்கோதான் போகிறது.

எங்கள் வகுப்பு காலை பதினொரு மணிக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடியும். வருகிறவர்களின் நாளைப் பார்த்து வைத்த நேரம் இது. விடியும் முன்னே பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றி, கட்டுத்தரை கூட்டி, பிள்ளைகளை ஸ்கூல் வேனில் ஏற்றி, தண்ணீர் வரும் நாளாக இருந்தால் பிடித்து வைத்து, மதியச் சோற்றையும் ஆக்கி இறக்கிவிட்டுத்தான் கிளம்ப முடியும். சாயங்காலம் நாலு மணிக்கு மறுபடி மாடு கத்தத் தொடங்கிவிடும். நடுவில் கிடைக்கும் இந்த இரண்டரை மணி நேரத்தையும் சோளத்தட்டு அறுக்கும்போதும் கடலைக்காய் பிடுங்கும்போதும் காடு எடுத்துக்கொள்ளும். இவர்களைப் பார்த்து, வேலையில்லாத பெண்களுக்கு வேலை கொடுக்கிறோம் என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்டால் எனக்கு மனசு பொறுப்பதில்லை.

எங்கள் பக்கம் கைத்தறி வீடுகள் அதிகம். சென்னிமலை போர்வை, பவானி ஜமக்காளம் என்று ஊர் பெயரோடு சேர்ந்து பேர் வாங்கிய சரக்குகள். அந்த வீடுகளில் தறியில் ஆண் உட்கார்ந்து நெய்தால், பக்கத்தில் ராட்டையில் தார், அதாவது நாடாவுக்குள் வைக்கும் நூல்சுருள், சுற்றிக் கொடுப்பது பெரும்பாலும் மனைவியோ மாமியாரோதான். தார் இல்லாமல் நாடா ஓடாது. ஆனாலும் கூலி நெய்த துணிக்கு, நெய்தவர் பெயரில் எழுதப்படும். தார் சுற்றிய கைக்குத் தனியாக ஒரு ரூபாய் எழுதி நான் பார்த்ததில்லை. இப்படி ஒரு வீட்டில் வளர்ந்து, கல்யாணமாகி வந்து, முப்பத்தைந்து வயதில் முதல் தடவையாகத் தன் வேலைக்கு விலை சொல்ல வேண்டி வரும்போது அந்தப் பெண்ணுக்கு நாக்கு எழாமல் போவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வகுப்பில் முதலில் அவிழ்க்க வேண்டியது இந்த முடிச்சைத்தான்.

ஆரி போட்ட கல்யாண ஜாக்கெட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். டிசைனை ட்ரேசிங் பேப்பரில் வரைந்து, கோட்டு மேலேயே ஊசியால் துளை போட வேண்டும். அந்தப் பேப்பரைத் துணி மேல் விரித்து, மண்ணெண்ணெயில் குழைத்த பவுடரைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தால் டிசைன் புள்ளி புள்ளியாகத் துணியில் இறங்கும். பிறகு துணியைக் கட்டை என்கிற மரச்சட்டத்தில் விறைப்பாகக் கட்டி, மேலிருந்து ஆரி ஊசியை இறக்கி, கீழே பிடித்திருக்கும் நூலைக் கொக்கியில் மாட்டி மேலே இழுக்க வேண்டும். செயின் தையல் கைக்கு வந்தபின் லோடு தையல், பாசி கோர்ப்பது, ஜர்தோசி, கல் ஒட்டுவது என்று ஒவ்வொன்றாகப் போகும். கழுத்துக்கும் இரண்டு கைக்கும் நடுத்தரமான வேலை என்றால், பழகிய ஒருவருக்கு இருபத்தாறு மணி நேரம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நூல், பாசி, கல் எல்லாம் சேர்த்து 420 ரூபாய்.

இதற்கு என்ன விலை சொல்வீர்கள் என்று வகுப்பில் கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் ஆயிரம். கொஞ்சம் தைரியசாலிகள் ஆயிரத்து இருநூறு என்பார்கள். எப்படி அந்த எண்ணுக்கு வந்தீர்கள் என்றால், "பக்கத்து ஊர்ல ஒருத்தங்க அப்படித்தானுங்க வாங்கறாங்க" என்பார்கள். அந்தப் பக்கத்து ஊர்க்காரரும் இன்னொரு ஊர்க்காரரைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்.

அதனால் இதற்குக் கீழே போகக்கூடாது என்கிற தரை எது என்று முதலில் காட்டுவேன். 2025-26க்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42 ரூபாய். எந்தப் பயிற்சியும் இல்லாமல் மண்வெட்டி பிடிக்கும் வேலைக்கு அரசே வைத்த விலை இது. மாதக்கணக்கில் கண்ணையும் கழுத்தையும் வளைத்துக் கற்றுக்கொண்ட வேலைக்கு அதற்கும் கீழே போகலாமா என்று கேட்டால், அறை கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும். அப்புறம் கணக்குப் போடுவோம். மணிக்கு 60 ரூபாய் என்றால் இருபத்தாறு மணிக்கு 1560. பொருள் 420 சேர்த்தால் 1980. ஊசி உடைவது, நூல் வீணாவது, கரண்ட், போக்குவரத்து என்று பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் கிட்டத்தட்ட 2200 ரூபாய். ஆயிரம் ரூபாய்க்கு ஒத்துக்கொண்டவருக்குப் பொருள் செலவு போக 580 மிச்சம். மணிக்கு 23 ரூபாய்கூட வரவில்லை. இந்தக் கணக்கை நான் போர்டில் போட்டுக் காட்டினால் பதியாது. அவரவர் நோட்டில், அவரவர் தைத்த ஜாக்கெட்டுக்கு அவரவரே போட வேண்டும். ஒவ்வொரு தடவையும் உட்காரும்போது மணி, எழுந்திருக்கும்போது மணி. அடுப்பில் பால் பொங்குகிறது என்று ஓடினால் அந்த நேரத்தைக் கழித்து எழுத வேண்டும். இந்த நோட்டு எழுதாதவருக்கு நான் அடுத்த பாடம் எடுப்பதில்லை.

விலை தெரிந்த பிறகு அதை வாயால் சொல்வது இன்னொரு பாடம். எங்கள் ஊர்களில் வாடிக்கையாளர் என்று தனியாக யாரும் கிடையாது. வருகிறவர் எல்லாம் பங்காளி வீடு, மாமன் வீடு, நங்கையாவின் ஓரகத்தி என்று ஏதோ ஒரு முறையில் சொந்தமாக இருப்பார்கள். கல்யாணம் என்றால் பெண்ணுக்கு மட்டும் ஜாக்கெட் அல்ல, கொங்குக் கல்யாணச் சடங்கான இணைச்சீர் செய்கிற மாப்பிள்ளையின் அக்கா தங்கைக்கும் நல்ல ஜாக்கெட் வேண்டும். சீர் நடக்கும்போது எல்லோர் கண்ணும் அவர் மேலும் இருக்கும். இப்படி ஒரே வீட்டிலிருந்து மூன்று ஜாக்கெட் வரும். "நம்ம ஊட்டுப் புள்ளதானே, பாத்துப் போட்டுக்கம்மிணி" என்று சொல்லி வைத்துவிட்டுப் போவார்கள். அந்த அன்பில் பொய் இல்லை. ஆனால் அதே வீட்டில் சமையல்காரருக்கும் மேளக்காரருக்கும் பந்தல்காரருக்கும் பேசிய பணத்தைக் குறைக்காமல் கொடுப்பார்கள்.

இதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி மாதிரித் துண்டு. ஒரு சாண் அகலத் துணியில் மூன்று தரத்தில் கழுத்து டிசைன் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் விலை எழுதி, அட்டையில் ஒட்டி வைத்துவிடுவது. வருகிறவர் அட்டையைப் பார்த்துத் தன் வசதிக்கு ஏற்ற டிசைனைத் தேர்ந்தெடுக்கிறார். காசு குறைவு என்றால் வேலையைக் குறைக்கலாம், கழுத்துக்கு மட்டும் போட்டுக் கையை விடலாம். கூலியைக் குறைக்கத் தேவையில்லை. என்னிடம் கற்ற ஓர் அக்கா, வாய் திறந்தே பேசமாட்டார், இந்த அட்டையை மட்டும் எடுத்து நீட்டுவார். அவர் இரண்டு முகூர்த்த சீசனாக யாருக்கும் விலை குறைத்ததில்லை. பாதிப் பணம் முன்பணம் என்பதையும் அதே அட்டையில் எழுதி வைத்திருக்கிறார். எழுத்தில் இருப்பதோடு யாரும் சண்டை போடுவதில்லை என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

எந்தத் தொழிலைக் கற்றுத்தருவது என்பதிலும் நாம் இன்னும் நேர்மையாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒயர் கூடை பின்னுவது எனக்கும் ஆசையான வேலை. சிவன் கண் முடிச்சும் நெல்லிக்காய் முடிச்சும் யார் கேட்டாலும் சொல்லித்தருவேன். ஆனால் இதில் வருமானம் வரும் என்று சொல்லி ஒருவரையும் சேர்க்கமாட்டேன். நடுத்தரக் கூடை ஒன்றுக்கு ஒரு நாள் முழுக்க உட்கார வேண்டும். சந்தையில் கூடை போகும் விலையில் ஒயர் விலையைக் கழித்துவிட்டு மிச்சத்தை மணிக்கணக்கில் வகுத்துப் பாருங்கள், அந்த 42 ரூபாய் கண்ணுக்கு எட்டாது. வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள், ஆன்லைனில் நல்ல விலை என்று சொல்வார்கள். விற்கிற சிலர் இருக்கிறார்கள், அவர்கள் படம் எடுக்கவும் பார்சல் கட்டவும் தெரிந்தவர்கள். பின்னிக் கொடுக்கிறவருக்குக் கிடைப்பது பழைய கூலிதான்.

ஆரியும் முன்போல் இல்லை. யூடியூப் பார்த்துக் கற்றவர்கள் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் அதே டிசைனை அரை நாளில் போட்டு முடித்துவிடுகிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் கட்டை சும்மா சாத்திக் கிடக்கும். இதையெல்லாம் சேரும் அன்றே சொல்லிவிட வேண்டும்.

யாரும் நோட்டீஸில் பெரிய எழுத்தில் போடாத வேலைகள்தான் வருடம் முழுக்கக் கை கொடுக்கின்றன. சேலைக்கு ஓரம் அடித்து பால்ஸ் வைப்பது. ரெடிமேட் சுடிதாரை உடம்புக்குப் பிடித்துக் கொடுப்பது. பழைய ஜாக்கெட்டைப் பிரித்துவிடுவது. ஜிப் மாற்றுவது. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் யூனிபார்ம் மடிப்பு இறக்கித் தருவது. ஆல்ட்ரேஷன் என்றால் டெய்லர் கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், நாளை வா என்பார்கள். அந்த இடத்தில் வீட்டிலிருக்கும் ஒரு பெண், காலையில் கொடுத்தால் சாயங்காலம் தருகிறேன் என்று சொன்னால் அந்தத் தெருவே அவரிடம் வரும். பொருள் செலவு அநேகமாக நூல் மட்டும். பத்து நிமிட வேலைக்குக் கேட்கிற காசு மணிக்கணக்கில் பார்த்தால் ஆரியைவிட அதிகமாகவே நிற்கும். குஞ்சம் கட்டுவதும் அப்படித்தான். பட்டுச்சேலை முந்தானையில் பிரிந்து நிற்கும் இழைகளை முடிச்சுப் போட்டுக் கட்ட ஊசி நூல் தவிர எதுவும் வேண்டாம், டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம், முதலீடே கிடையாது. கல்யாண வீட்டுக்குச் சேலை மடிப்பு வைத்து அயர்ன் செய்து பெட்டியில் வைத்துக் கொடுப்பது சமீப வருடங்களில் சேர்ந்துகொண்ட வேலை. கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைகள் அம்மாவுக்கு இதைக் கற்றுக்கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

துணிப்பைக்கும் காலம் வந்திருக்கிறது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்ற அரசு இயக்கம் தொடங்கியது. அப்போதிருந்து மஞ்சப்பை தைக்கக் குழுக்களுக்கு ஆர்டர் வருகிறது. ஆனால் சாதாரண மஞ்சப்பைக்குப் பைசாக் கணக்கில் போட்டி போட வேண்டும், பெரிய யூனிட்டுகளோடு மோதி ஜெயிக்க முடியாது. நாங்கள் தாம்பூலப் பை பக்கம் போனோம். கல்யாண வீட்டாருக்கு ஐந்நூறு பை, ஆயிரம் பை என்று தேவைப்படும், பெண் மாப்பிள்ளை பெயர் அச்சடித்திருக்க வேண்டும், நாள் தவறக்கூடாது. இங்கேதான் திருப்பூர் அனுபவம் எனக்கு உதவியது. ஆளுக்கு நூறு பை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தைத்தால் ஒவ்வொருவர் பையும் ஒவ்வொரு அளவில் வரும். கம்பெனியில் செய்வது போல ஒருவர் வெட்டுவது, ஒருவர் மடித்து அடிப்பது, ஒருவர் கைப்பிடி வைப்பது, ஒருவர் அளவு வைத்து செக்கிங் பார்த்துப் பிசிர் வெட்டுவது என்று பிரித்தோம். செக்கிங் பார்ப்பவருக்கும் தைக்கிறவருக்கும் ஒரே கூலி என்று முதலிலேயே பேசி எழுதிக்கொண்டோம். செக்கிங்குக்குக் கூலி குறைத்தால் அந்த வேலையை யாரும் கவனமாகப் பார்க்கமாட்டார்கள்.

திருப்பூரைப் பற்றிச் சொன்னதால் அங்கிருந்து வீடு தேடி வரும் வேலை பற்றியும் சொல்ல வேண்டும். பிசிர் வெட்டுவது, பட்டன் கட்டுவது, பாசி வைப்பது போன்ற சில்லறை வேலைகளை மூட்டையாகக் கட்டி இடைத்தரகர் வீட்டுத் திண்ணையில் இறக்கிவிட்டுப் போவார். பீஸ் ரேட். கைக்குழந்தை வைத்திருக்கிறவர்களுக்கும் படுக்கையில் ஒரு பெரியவர் கிடக்கும் வீட்டுக்காரர்களுக்கும் அதை விட்டால் வேறு வழி இருப்பதில்லை. மாமியாரும் பள்ளி விட்டு வந்த பிள்ளையும் சேர்ந்து வெட்டினால்தான் மூட்டை முடியும், கூலி ஒருவர் கணக்கில் சின்னதாக வரும். டேமேஜ் என்று கழித்துக்கொண்டால் கேள்வி கேட்க ஆளில்லை. இப்படி வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களும் தொழிலாளர்களே என்று சொல்லி சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1996இல் 177ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. அந்த மூட்டையை வேண்டாம் என்று சொல்ல முடிகிற நிலைக்கு ஒரு பெண்ணைக் கொண்டுவர முடிந்தால், என் வகுப்பு பயன்பட்டது என்று எடுத்துக்கொள்வேன்.

விலை பற்றிய இந்தச் சண்டை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1925இல் ராஜாஜி திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். சுற்றுவட்டார கிராமத்துப் பெண்களுக்குப் பஞ்சு கொடுத்து, அவர்கள் வீட்டில் நூற்ற நூலை வாங்கிக்கொண்டு கூலி கொடுப்பது ஆசிரமத்தின் முக்கியமான வேலை. மழை பொய்த்த வருடங்களில் அந்தக் கூலியில் பல வீடுகளில் உலை வைத்திருக்கிறார்கள். ஆனால் நூற்பவருக்குக் கிடைத்தது மிகக் குறைந்த கூலி. 1935இல் காந்தி இதைப் பிடித்துக்கொண்டார். எட்டு மணி நேரம் ஒழுங்காக நூற்றால் எட்டணா கிடைக்க வேண்டும் என்பது அவர் வைத்த அளவு. கூலி ஏறினால் கதர் விலை ஏறும், விற்காது என்று கூட இருந்தவர்களே தயங்கினார்கள். எட்டணாவை எட்ட முடியவில்லை என்றாலும், கதர் வேலையை நடத்திய அகில பாரத சர்க்கா சங்கம் அந்த வருடம் நூற்பவருக்குக் குறைந்தபட்சக் கூலி என்ற கொள்கையை ஏற்றது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அவர் கணக்கைத் தொடங்கிய இடம். துணி என்ன விலைக்குப் போகும் என்று பார்த்து மிச்சத்தை நூற்பவருக்குக் கொடுப்பது அல்ல, நூற்பவர் பிழைக்க என்ன வேண்டும் என்று பார்த்துவிட்டுத் துணிக்கு விலை வைப்பது. எங்கள் வகுப்பு நோட்டிலும் முதல் வரி கூலிதான், பொருள் விலை இரண்டாவது வரி.

வாங்கும் இடம் தெரியாமல் விலை மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. உள்ளூர்க் கடையில் மீட்டர் கணக்கில் துணி வாங்கி நைட்டி தைத்தால் கையில் எதுவும் நிற்காது. ஈரோட்டில் திங்கள் ராத்திரி தொடங்கி செவ்வாய்க்கிழமை நடக்கிற ஜவுளிச் சந்தைக்கு வகுப்பில் இருப்பவர்களைக் கூட்டிப் போவேன். டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணமில்லை, அது எவ்வளவு பெரிய உதவி என்பது இப்படி வாரம் ஒருமுறை போய் வருகிறவர்களுக்குத்தான் தெரியும். அங்கே நைட்டித் துணியைக் கட்டாக எடுப்பது, சாயம் போகுமா என்று ஈரக்கையால் தேய்த்துப் பார்ப்பது, அகலத்தை அளந்து ஒரு நைட்டிக்கு எவ்வளவு ஆகும் என்று நின்ற இடத்திலேயே கணக்குப் போடுவது, கேட்ட விலைக்குக் கொடுக்காவிட்டால் அடுத்த கடைக்கு நகர்வது, இவ்வளவும் கற்றுக்கொள்ள வேண்டிய தொழில். திருப்பூர் காதர்பேட்டைக்குப் போனால் பனியன் துணி கிலோ கணக்கில் கிடைக்கும். கட்டிங் வேஸ்ட்டில் கால்மிதி பின்னுகிறவர்களுக்கு அதுதான் மூலப்பொருள். வேஸ்ட் வாங்கும்போது மூட்டையை அவிழ்த்து அடியில் கையை விட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. மேலே நீளத் துண்டும் அடியில் பொடியுமாக வைத்துக் கட்டியிருப்பார்கள்.

வீட்டுக்காரர் துணையில்லாமல் ஈரோட்டுக்கு ஒரு வேலையாகப் போய் வந்தது இதுதான் முதல் தடவை என்று சொன்ன பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பஸ்ஸில் திரும்பும்போது துணிக்கட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். கீழே வைங்கக்கா என்றால் கேட்கவில்லை.

சம்பாதித்த பணம் எங்கே போய்ச் சேருகிறது என்பதை வகுப்பில் பேசத் தயங்குவார்கள், குடும்ப விஷயம் என்பார்கள். நான் பேசுகிறேன். ஒரு பெண் நாற்பது ஜாக்கெட் தைத்துக் கொடுத்திருக்கிறார், கூகுள் பேயில் பணம் வந்திருக்கிறது. அந்த ஸ்கேன் அட்டை இணைந்திருந்தது கணவரின் போன் நம்பரோடு. அவர் மோசமான மனிதரும் இல்லை, குடிக்கிறவரும் இல்லை. வந்த பணம் வீட்டுச் செலவோடு கலந்து கரைந்துபோனது, அவ்வளவுதான். வருடக் கடைசியில் இந்தப் பெண்ணிடம், "நீ என்ன சம்பாதிச்ச?" என்று மாமியார் கேட்டபோது காட்ட எதுவும் இல்லை. மகளிர் உரிமைத்தொகை 2023 செப்டம்பர் 15 முதல் மாதம் ஆயிரம் ரூபாய் பெண்ணின் கணக்குக்கே வருவதால், இன்று பலருக்குச் சொந்தக் கணக்கும் ஏடிஎம் அட்டையும் இருக்கின்றன. அதே கணக்கில், தன் பெயரில் தனி சிம் வாங்கி, தொழில் வரவை அதில் வாங்குவது ஒன்றும் கஷ்டமில்லை. வீட்டுக்குக் கொடுப்பதானால் அந்தக் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுக்கட்டும். மூன்று வருடம் கழித்து மெஷின் வாங்கக் கடன் கேட்டுப் பேங்க் மேனேஜர் முன் உட்காரும்போது, அந்த வரவு செலவுதான் அவருக்காகப் பேசும்.

கடன், பயிற்சி பற்றிக் கேட்கிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் பயிற்சியும் சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். 1982இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தர்மஸ்தலாக் கோயில் அறக்கட்டளையும் சிண்டிகேட், கனரா வங்கிகளும் சேர்ந்து தொடங்கிய முயற்சியைப் பார்த்து நாடு முழுக்க மாவட்டத்துக்கு ஒன்றாக இவை வந்தன. ஈரோட்டில் கனரா வங்கி நடத்துகிறது. பயிற்சி முடிந்தபின் இரண்டு வருடம் தொடர்ந்து உதவுவதும் திட்டத்திலேயே இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். 2025இல் வந்த கலைஞர் கைவினைத் திட்டத்தில் தையல், கூடை முடைதல் உள்ளிட்ட 25 தொழில்களுக்கு 3 லட்சம் வரை கடன் உண்டு, 25 சதவீதம் மானியம், அதிகபட்சம் 50,000. வயது 35 நிறைந்திருக்க வேண்டும். சிறுதொழிலைப் பதியும் உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது, பணம் கேட்கும் ஆளிடம் போகாதீர்கள். தையல் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துகொண்டால் பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை, விபத்து நிவாரணம், வயதான பிறகு ஓய்வூதியம் உண்டு. வீட்டில் தைக்கிறோம், நமக்கெல்லாம் வாரியமா என்று ஒதுங்கவேண்டாம்.

மெஷின் பற்றி ஒரு வார்த்தை. வகுப்பில் சேர்ந்த முதல் மாதத்திலேயே வாரத் தவணைக் குழு லோன் எடுத்துப் பவர் மெஷின் வாங்காதீர்கள். மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் செவ்வாய்க்கிழமை தவணைக்காரர் வந்துவிடுவார். மிதி மெஷினில் ஆறு மாதம் ஆல்ட்ரேஷன் செய்து நோட்டில் என்ன நிற்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

அப்புறம் இந்த மோசடிகள். வீட்டிலிருந்தே மாதம் முப்பதாயிரம், பொருள் நாங்களே தருகிறோம், முடித்ததை நாங்களே வாங்கிக்கொள்கிறோம், டெபாசிட் மட்டும் கட்டுங்கள் என்று வாட்ஸப்பில் சுற்றும். எங்கள் பக்கத்து ஊரில் பாசி மாலை கோர்க்கும் வேலை என்று ஒரு நிறுவனம் வந்தது. இருபது பேருக்கு மேல் டெபாசிட் கட்டினார்கள். கோர்த்துக் கொண்டுபோனால் முடிச்சு சரியில்லை, இடைவெளி சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். திருப்பி அனுப்புவதுதான் அவர்கள் வியாபாரமே, டெபாசிட்தான் வருமானம். ஒருத்தி தாலிக்கொடியிலிருந்து குண்டு இரண்டை அடமானம் வைத்துக் கட்டியிருந்தாள். வீட்டில் சொல்ல முடியாமல் என் முன்னால் உட்கார்ந்து அழுதாள். வேலை கொடுக்கிறவர் கூலி கொடுக்க வேண்டும், நம்மிடம் பணம் கேட்கிறவர் வேலை கொடுக்கிறவர் அல்ல. ஆன்லைனில் பணம் போயிருந்தால் நேரம் கடத்தாமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைத்துப் புகார் கொடுக்க வேண்டும். அவமானமாக நினைத்து மறைக்கிற ஒவ்வொரு நாளும் ஏமாற்றியவனுக்குச் சாதகம்.

உடம்பைப் பற்றியும் ஆரி கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் பேசிவிடுவது நல்லது. ஜன்னல் வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து விழும்படி கட்டையைப் போடச் சொல்வேன், இடது கைக்காரர்களுக்கு எதிர்ப்பக்கம். முக்கால் மணிக்கு ஒரு தடவை எழுந்து தூரத்தில் இருக்கும் மரத்தைப் பார்க்கச் சொல்வேன். நாற்பதைத் தொட்டவர்கள் முதலில் கண் பரிசோதனை செய்துகொண்டு வரவேண்டும், கண்ணாடி தேவைப்படுகிறவர் கண்ணாடி இல்லாமல் தைத்துத் தலைவலியோடு வீடு போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கண்ணாடிச் செலவையும் கூலிக் கணக்கில் சேர்க்கலாமா என்று போன முறை ஒருவர் கேட்டார். தாராளமாகச் சேர்க்கலாம், இரண்டு வருடத்துக்குப் பிரித்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அப்படியானால் கட்டை, கத்தரி, அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றையும் இப்படிப் பிரிக்கலாமே என்று அவரே தொடர்ந்தார். அன்றைக்கு மீதி வகுப்பு முழுக்கத் தேய்மானக் கணக்கிலேயே போனது, ஒருவரும் ஊசியைத் தொடவில்லை.

அடுத்த வகுப்பு ஆடி முடிந்து ஆவணியில் தொடங்குகிறது. வருகிறவர்கள் நாற்பது பக்க நோட்டு ஒன்றும் பேனாவும் சொந்தப் பெயரில் உள்ள வங்கிப் புத்தகமும் கொண்டு வந்தால் போதும். ஊசியும் நூலும் துணியும் இங்கேயே இருக்கின்றன. கைக்குழந்தை இருந்தால் தூக்கிக்கொண்டே வரலாம், பின்னறையில் தொட்டில் கட்ட உத்திரம் இருக்கிறது.